தலைப்பிரசவம் நடந்த பக்கம்

இந்த நாட்டில் பாதையைத் தோண்டினால் உடனே மஞ்சள் பலகை வைத்துவிடுகிறார்கள். 'ஓம்லைடிங்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கும். சுற்றிப் போ என்று பொருள். போன வாரம் சைக்கிள்காரர்களுக்காகக் கால்வாய்மேல் ஒரு தற்காலிகப் பாலமே போட்டார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இப்போது பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பிழைப்பும் சுற்றுவழி போடுவதுதான். நகத்தளவு சிப்புக்குள் நூற்றுக்கணக்கான முனைகள் தரவை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிவிடும். ஒரு முனை செத்துப்போனாலும் மற்றவை அதைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கான விதிகளை எழுத எனக்குச் சம்பளம். சென்ற மாதம் சோதனையில் என் விதி மாட்டிக்கொண்டது. நான்கு முனைகள் வட்டமாக நின்று, அடுத்தது வழிவிட்டால்தான் நகர்வேன் என்று காத்துக் கிடந்தன. எதிலும் பழுதில்லை, ஆனால் ஒன்றும் நகரவில்லை. கூட வேலை செய்யும் மார்ட்டென் திரையைப் பார்த்து, "எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன, பாவம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அக்கா நினைவுக்கு வந்துவிட்டாள்.

அக்கா செல்வி கேரள எல்லையோரம் எங்கள் ஊரான வடகரப்பதியில் இருக்கிறாள். தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். கேரளத்தைச் சேர்ந்தவள் என்ற சான்றிதழை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அம்மாவின் தாய்வீடு எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, நடந்தே போய்விடலாம். அக்கா அங்கே பிறந்தாள். மூன்றாம் மாதம் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் எங்கும் போய் வாழ்ந்ததில்லை. இரண்டாவதான நான் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தேன்.

தமிழ்நாட்டில் பிறந்ததால், அங்கே அவளுக்குக் குடியிருப்பு இல்லை என்று அங்கிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னது எங்கள் வில்லேஜ் ஆபீஸ். தமிழ்நாட்டு ஆபீசுக்குப் போனால், கேரளத்தில்தான் குடியிருக்கிறாள் என்று முதலில் இங்கிருந்து காகிதம் வேண்டுமாம்.

"ரெண்டு பக்கமும் தன்மையாத்தான் பேசறாங்க தம்பி" என்றாள் போனில். "அவங்க குடுத்தா அடுத்த நிமிசமே நாங்க குடுத்துருவோமுங்கங்கறாங்க. நான் யார்கிட்டப் போயிச் சண்ட போடறது?"

மார்ட்டெனிடம் கொட்டித் தீர்த்தேன். "உன் அக்கா எந்த நாட்டிலிருந்து குடியேறினார்?" என்று அக்கறையாகக் கேட்டார். குடியேறியவன் நான், அவள் இல்லை என்றேன். "அப்படியானால் உன் அம்மா ஏன் எல்லை தாண்டிப் போனார்? அங்கே மருத்துவமனை நன்றாக இருக்குமா?" நான் என் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிப்பில் தீர்வு எளிதாகக் கிடைத்தது. தரவு போகும் வழியில் ஒரு திருப்பத்தைத் தடைசெய்தேன். இனி நான்கில் ஒன்று யாருக்காகவும் காத்திராமல் நகர்ந்தாக வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. உயிரில்லாத சிப்புக்கு இத்தனை கரிசனம். முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தவளுக்காக ஓர் ஆபீசுகூட முதலில் நகராதாம்.

வியாழக்கிழமை வில்லேஜ் ஆபீசில், உடன்பிறந்தவனுடைய சான்றிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்களாம். அக்கா என் பெயரில் விண்ணப்பம் போட்டாள். மறுநாள் மாலை, நேரமெல்லாம் முடிந்தபின் அழைத்தாள்.

"உன்றது உடனே குடுத்துட்டாங்க. அதையும் வெச்சுக் குடுத்துப் பாத்தேன். தம்பியோடது சரிதானுங்க, உங்களுக்கு அங்கிருந்து காயிதம் வேணுமுங்கன்னு சொல்லிட்டாங்க. வேல போயிருச்சு தம்பி."

என் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பத்து வருடமாக அந்த ஊரில் குடியிராத நான் வடகரப்பதிக்காரன் என்று முத்திரையோடு இருக்கிறது. கூடவே அனுப்பிய விண்ணப்பத்தில், ஊரில் இல்லாத எனக்காக அக்காவின் கையெழுத்து.