அனந்தபத்மநாபனின் ஈற்றுப் பதிவேடு

ஆடுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அனந்தபத்மநாபன் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஆனேக்கல்லைத் தாண்டி, ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த மெரினோ இனப்பெருக்கப் பண்ணையில் அறுநூறு ஆடுகள். ஒவ்வொன்றின் காதிலும் ஒரு மஞ்சள் வில்லை, வில்லையில் ஒரு எண். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் பதிவு கெட்டுவிடும் என்பார். இருபத்தாறு வருடமாக அவர்தான் அங்கே பதிவாளர். இத்தனை காலத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படித்துக் கடல் கடந்து போனார்கள். இவர் ஒருவர்தான் விலங்கியல் படித்துவிட்டு ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்தவர். முட்டைகூட வாங்காத வீட்டில் பிறந்து ஆட்டு ரோமத்தில் கை வைத்தவன் என்று பெரியப்பா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். பெண் பார்க்கப் போன மூன்று இடங்களிலும் பையன் வேலையைக் கேட்டதும் காபி டம்ளர்கள் சீக்கிரமே திரும்பிப் போயின. நாலாவது இடத்துக்கு அவர் போகவில்லை.

மெரினோ ரோமத்தில் ஒரு மெழுகு உண்டு. அதிலேயே ஊறிய கை என்பதால் ஐம்பத்தேழு வயதிலும் அவர் உள்ளங்கை குழந்தையின் கன்னம் போல மெத்தென்று இருக்கும். வாசனையும் அப்படியே ஒட்டிக்கொண்டது, எந்த சோப்புக்கும் போகவில்லை. ஜெயநகரில் இருக்கும் தங்கை நிருபமா போனில் கூப்பிடும்போதெல்லாம், "அண்ணா, ஆத்துக்கு வரச்சே தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வந்துடு, ஏசி ரூம்ல எல்லாரும் இருப்பா" என்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அவர் போவதும் குறைந்து கடைசியில் நின்றுவிட்டது.

பெங்களூர் ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. விடிந்ததும் கிளம்பி, சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நின்று, ஆனேக்கல் பஸ் பிடித்து, அங்கிருந்து பண்ணை வண்டி. சாயங்காலம் அதே வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாயைத் திறப்பது கடையில் ஒரு பாக்கெட் பால் கேட்கும்போது மட்டும்தான். சில ஞாயிறுகளில் பால் சனிக்கிழமையே வாங்கியாகிவிட்டிருக்கும். தனிமை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது பழகுகிற சாமான் இல்லை என்பது அவருக்கும் உள்ளுக்குள் தெரியும்.

பண்ணையில் ஆட்டுக்கு மூன்று மதிப்பெண். ரோமம் எவ்வளவு மெல்லிசு, குட்டி எவ்வளவு வேகமாக எடை ஏறுகிறது, ஆடு வருடத்துக்கு எத்தனை குட்டி போடுகிறது. ரோமத்துக்கு மைக்ராஸ்கோப் இருக்கிறது, எடைக்குத் தராசு இருக்கிறது. மூன்றாவதுக்கு அனந்தபத்மநாபனின் கண்தான். ஈற்றுக் காலத்தில் நாற்பது நாள், வேலிக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு, பைனாகுலரோடு உட்கார்ந்துவிடுவார். எந்தக் குட்டி எந்த மடியில் பால் குடிக்கிறதோ, அந்த ஆடுதான் அதன் தாய். தாயின் எண், குட்டியின் எண், தேதி. பதிவேட்டில் ஏறிவிட்டால் அது சாசனம். அதை வைத்துத்தான் எந்தக் கிடாவைக் கூட்டத்தில் விடுவது, எந்த ஆட்டைக் கழிப்பது என்பதெல்லாம். இரண்டு ஈற்றுக் காலம் குட்டி இல்லையென்றால் பெயருக்கு எதிரே, மன்னிக்கவும், எண்ணுக்கு எதிரே 'மலடு' என்று எழுதுவார். மார்ச் மாதம் ரோமம் வெட்டி முடித்ததும் அந்த ஆடுகள் வெள்ளிக்கிழமை லாரியில் இறைச்சிக்குப் போகும்.

அந்த வருடம் பண்ணையின் பெருமை 208. தொடர்ந்து இரண்டு வருடம் இரட்டைக் குட்டி. மெரினோவில் அது லேசில் கிடைக்கிற காரியம் இல்லை. 208-இன் முதல் இரட்டையில் ஒன்றான கிடா 540, பதினாறு மாதத்தில் கொம்பு சுருண்டு, ரோமம் பாலாடை மாதிரி மடிந்து நின்றது. இரட்டை ஈனும் குணம் அதன் ரத்தத்தில் இருக்கிறது என்று மாவட்டம் மாவட்டமாக அதன் விந்துவை அனுப்ப ஏற்பாடு ஆகியிருந்தது. அறிக்கையின் கீழே 'ஈற்றுப் பதிவு: அனந்தபத்மநாபன்' என்று அச்சாகி வந்தது. அந்தத் தாளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார். பார்க்க யாரும் வரப்போவதில்லை, இருந்தாலும் ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை, லாரிக்குப் போகவேண்டிய பதினோரு ஆடுகளுக்கு ரோமம் வெட்டினார்கள். அனந்தபத்மநாபன் ஒவ்வொன்றின் விலாவிலிருந்தும் ஒரு கற்றை எடுத்து இரண்டு கைவிரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். வலுவான ரோமம் தந்தி போல ஒலிக்கும். மலட்டு ஆட்டின் ரோமம் எப்போதுமே வலுவானது. வயிற்றுக்கும் மடிக்கும் போகவேண்டிய சத்தெல்லாம் ரோமத்துக்குத்தானே போகும்?

317-இன் கற்றை ஒலிக்கவில்லை. பட்டென்று அறுந்தது.

இன்னொரு கற்றை எடுத்தார். அதுவும் அதே இடத்தில் அறுந்தது, தோல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில். மார்ச்சிலிருந்து பின்னால் எண்ணினால் நவம்பர். குட்டி ஈன்று பால் சுரக்கிற ஆட்டுக்கு அந்த வாரங்களில் வளர்ந்த ரோமம் நூலாய் மெலிந்துபோகும். பட்டியில் ஈன்ற ஆடுகள் எல்லாவற்றுக்கும் அதே இடத்தில்தான் அறும். காய்ச்சல் வந்தாலும் மெலியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அலமாரியில் 317-இன் போன வருடத்துக் கற்றையைப் போட்டு வைத்திருந்த கவரைத் தேடி எடுத்துப் பிரித்தார். அந்தக் கற்றையும் நவம்பரில்தான் அறுந்தது.

மலடு என்று அவர் எழுதிய ஆடு இரண்டு முறை ஈன்றிருக்கிறது. குட்டிகள் எங்கே போயின? பதிவேட்டைத் திறந்தார். இரண்டு வருடமும் அந்த வாரத்தில், அந்த மூலையில், இரட்டை போட்டதாக எழுதியிருந்தது ஒரே ஓர் ஆட்டுக்குத்தான். 208-க்கு.

ஈனப்போகும் ஆடு சில சமயம் பக்கத்து ஆட்டின் குட்டியை நக்கித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் என்பது பாடப் புத்தகத்திலேயே உண்டு. பெரிய ஆடாக இருந்தால் பெற்றவளை முட்டித் தள்ளியும் விடும். படித்தவர்தான். தன் கண்ணுக்கு எதிரே அது நடக்காது என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த முதல் நவம்பர் நினைவுக்கு வந்தது. 208 இரண்டு குட்டிகளை நக்கிக்கொண்டு நின்றது. ஓர் இளம் ஆடு அதைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. முட்டு வாங்கியும் போகாமல் திரும்பத் திரும்ப வந்தது. இரட்டைக்குட்டித் தாயை இது தொந்தரவு செய்கிறதே என்று அனந்தபத்மநாபன் முக்காலியிலிருந்து எழுந்து, வேலியைத் தாண்டி, கோலை ஓங்கி அதை அடுத்த பட்டிக்கு விரட்டிக் கதவைச் சாத்தினார். அது இரண்டு நாள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. அதன் எண்ணைக்கூட அன்றைக்குக் குறிக்கவில்லை. ஆனால் அதன் நெற்றியில் இருந்த பழுப்பு மச்சம் நன்றாக நினைவில் இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ரோமம் வெட்டப்பட்டு வெளுத்து நின்ற 317-இன் நெற்றியிலும் அது இருந்தது.

புதன்கிழமை அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் 317 பிழைக்கும், பதிவேடு செத்துப்போகும். ஒரு ஆட்டில் தப்பு என்றால் எத்தனை ஆட்டில் தப்போ? இருபத்தாறு வருடத்து ஈற்றுக் கணக்கும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். வெள்ளிக்கிழமை லாரி போய்விட்டால் கேட்க ஆளே இல்லை. அவர் வாழ்க்கையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார். சந்தாபுராவில் நெரிசல், அவருக்கு அது தெரியவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டர் சுதீரின் அறைக்குப் போனார். சுதீர் பண்ணையின் கால்நடை மருத்துவர், நிர்வாகியும் அவரே. நாற்பது வயதுக்காரர். அனந்தபத்மநாபன் இரண்டு கற்றைகளையும் மேசையில் வைத்து அறுத்துக் காட்டினார்.

"சார், ரெண்டு முடி அறுந்ததுக்காக 540-ஐ நிறுத்தச் சொல்றீங்களா? ஆல்ரெடி லெட்டர் எல்லாம் போயாச்சு."

"பிளட் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம், டாக்டர். 317, 208, அந்தக் கிடா, இந்த வருஷத்துப் பொட்டைக்குட்டி. நாலே சாம்பிள்தான்."

"ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும். லாரி நாளைக்கு. சும்மா வாய்ல சொன்னா நான் நிறுத்த முடியாது. ரெஜிஸ்டர் தப்பா இருக்கலாம்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க, நிறுத்தறேன்." சுதீர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "நல்லா யோசிச்சுக்குங்க சார். எழுதிட்டா அது ஃபைல்ல நின்னுடும்."

அனந்தபத்மநாபன் எழுதிக் கொடுத்தார். ரோமத்தின் முறிவு, தேதிகள், எண்கள் எல்லாம் ஒழுங்காக ஒரு பக்கம். கோலை ஓங்கி விரட்டியதை மட்டும் எழுதவில்லை. 'பதிவில் பிழை நேர்ந்திருக்கக்கூடும்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை லாரியில் பத்து ஆடுகள் போயின.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கிடாவும் 317-இன் பிள்ளை, பொட்டைக்குட்டியும் 317-இன் பிள்ளை. 208 வருடத்துக்கு ஒன்றுதான் ஈன்றிருக்கிறது. 540-ஐப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பழைய ஈற்றுப் பதிவுகளை நம்பி இனித் தேர்வு செய்ய வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது. அனந்தபத்மநாபனை யாரும் திட்டவில்லை. ரோம அறையிலேயே இருங்கள் சார், வெயிலில் எதற்கு என்று சுதீர் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். பசை கொஞ்சம் சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் 317-ஐக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிடாக்களின் பட்டிக்கு நடந்தார். ஏன் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கம்பிக்கு அந்தப் பக்கம் 540 வந்து நின்றது. 317 மூக்கை நீட்டி ஒரு தடவை முகர்ந்தது. அனந்தபத்மநாபன் கயிற்றைத் தளர்த்தினார். ஆடு முகத்தைத் திருப்பி, கீழே சிந்தியிருந்த ராகி வைக்கோலை மேயத் தொடங்கியது.

யசோதா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆனேக்கல்காரி, அவர் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்து பட்டி வேலை செய்பவள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணரை வருஷத்துக்கு மின்னாடி பெத்தது ஆட்டுக்கு ஞாபகம் இருக்குமா சார்? அது எப்பவோ மறந்துபோச்சு."

"அது மறந்துடுத்து, யசோதா. எனக்குத்தான் மறக்க மாட்டேங்கறது." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் இதை விரட்டினேன். குட்டியைத் தேடிண்டு வந்ததை நான்தான் கோலால விரட்டிக் கதவைச் சாத்தினேன். லெட்டர்ல அதை எழுதலை. யாருக்கும் தெரியாது."

யசோதா வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும் சார். நான் அங்கதானே இருந்தேன். வால்ல ரத்தம் இருக்குது, இதுவும் குட்டி போட்டிருக்குது பாருங்க சார்னு சொன்னேனே."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டதான். 'பைனாகுலர் உன் கையில இருக்கா, என் கையில இருக்கா'ன்னு கேட்டீங்க. ஹௌது சார், உங்க கையிலதான் இருக்குதுன்னு சொல்லிட்டு நான் தண்ணி வைக்கப் போயிட்டேன்."

அவருக்கு அது கொஞ்சம்கூட நினைவில்லை. அந்த நாளின் தேதி நினைவிருந்தது, குட்டிகளின் எடை நினைவிருந்தது, ஆட்டின் நெற்றி மச்சம்கூட நினைவிருந்தது. பக்கத்தில் நின்று ஒரு மனுஷி பேசியது மட்டும் இல்லை. எவ்வளவு தேடியும் அவள் குரல் அந்த நாளில் எங்கேயும் கிடைக்கவில்லை.

"இந்த மாதிரி வேற எப்பவாவது சொல்லியிருக்கியா? நான் கேக்காம விட்டது?"

யசோதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"அது நெறைய இருக்குது சார். வரவர நானும் சொல்றதில்ல. இங்க யாருமே உங்ககிட்ட எதுவும் சொல்றதில்ல." அவள் குரலில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "இப்ப கேட்டு என்ன பண்ணப்போறீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வரேன் சார்."

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனாள். அனந்தபத்மநாபன், "யசோதா, நாளைக்குச் சொல்லு" என்றார். அவள் அதற்குள் ரோட்டுக்குப் போயிருந்தாள். 317 வைக்கோலைத் தின்று முடித்துவிட்டு, கயிறு எட்டும் மட்டும் நகர்ந்துபோய் நின்றது.