டிக்கட் பாபு பேசிய இங்கிலீஷ்

1958 ஏப்ரல் 11. மதராஸுக்குப் பதிவுத் தபால், 312 பக்கம். ரூ. 3.40
ஆகஸ்ட் 6, காலை. அதே முகவரிக்கு மறுபடியும் பதிவுத் தபால். ரூ. 3.65
ஆகஸ்ட் 6, பிற்பகல். தந்தி. ரூ. 2.16

மூன்றும் அந்தமானில் லம்பா லைன் பகுதியில் குடியிருந்த ஜம்புலிங்கம் செய்த செலவு. இராமநாதபுரத்திலிருந்து 1951-இல் போர்ட் பிளேயருக்கு வந்து, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஆறு வருடம் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதினார். கதை முழுக்க தீவுகளுக்கிடையே ஓடும் மோட்டார் படகான ஒரு பயணிகள் லாஞ்சில் நடப்பது. அதில் வருகிறவர்கள் தீவில் பேசுகிறபடியே பேசினார்கள். இங்கிலீஷுக்குள் இந்தியும் தமிழும் வங்காளமும் கேட்காமல் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை வந்த கப்பலில், நாவலை அனுப்பியிருந்த மதராஸ் பதிப்பகத்தின் பதில் இருந்தது. கதை பிடித்திருக்கிறது, பேச்சை மட்டும் நல்ல இங்கிலீஷாக மாற்றித் தந்தால் அச்சிடலாம் என்று எழுதியிருந்தார்கள்.

கப்பல் நான்கு நாள் நிற்கும். வந்த கடிதத்துக்கு அதே கப்பலில் பதில் போட்டுவிட வேண்டும் என்பது தீவில் எல்லாருக்கும் பழக்கம். அடுத்த கப்பல் எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜம்புலிங்கமும் அப்படித்தான் பதறினார். இரண்டு நாள் லீவு போட்டு, கார்பன் பிரதியில் 214 இடங்களில் திருத்தச் சீட்டு ஒட்டி, புதன் காலை தபாலில் சேர்த்துவிட்டார்.

திரும்பும் வழியில் தங்கையாவைப் பார்த்தார். தங்கையா தீவிலேயே பிறந்தவர், லாஞ்சில் டிக்கட் கொடுப்பவர். நாவலில் வரும் டிக்கட் பாபு அவரேதான். திருத்தங்களின் பட்டியலை ஜம்புலிங்கம் பெருமையாக நீட்டினார்.

தங்கையா நிதானமாகப் படித்தார். "அரே ஜம்பு பாய், இது யாரு?"

"நீதாம்பா."

"நானா? 'அம்மையே, தங்கள் கோழிக்கும் கட்டணம் உண்டு'ங்கிறேனா? இப்படிப் பேசினா அந்தக் கோழியே என்னைப் பார்த்துச் சிரிக்கும், பாய்! முன்னாடி என்ன சொல்லிருந்தேன்?"

"'சலோ சலோ, முர்கிக்கும் டிக்கட் எடு, மா.'"

"அவன் நான். இவன் எவனோ சாஹிப் வீட்டுச் சமையல்காரன்."

ஜம்புலிங்கம் தபால் நிலையத்துக்கு ஓடினார். தபால் பை அரக்கு முத்திரையோடு கப்பலுக்குப் போயிருந்தது. கப்பல் துறைக்கு ஓடினார். கப்பல் நகர்ந்துவிட்டது. தபால் நிலையத்துக்கே திரும்பி, பதிப்பகத்துக்குத் தந்திப் படிவத்தில் எழுதினார்: பழையதுதான் புத்தகம். புதியதைக் கடலில் போடவும்.

தந்தி குமாஸ்தா சிவஞானம் சொற்களை எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "கடல்ல போடணும்னா நம்ம பக்கமே போட்டிருக்கலாமே சார். மெயின்லேண்ட் வரைக்கும் எதுக்கு அனுப்பினீங்க?"

அதன்பிறகு ஜம்புலிங்கம் ஓரிடத்தில் இருக்கவில்லை. பதிப்பகம் எதை அச்சுக்குக் கொடுக்கும் என்ற ஒரே நினைப்பு. திருத்தியது அச்சானால் இருபது வருடம் கழித்தும் தங்கையா வேறு எவனுடைய வாயாலோ பேசிக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். வீட்டில் நின்றபடியே சாப்பிட்டார்.

"உக்காருங்க. நீங்க நின்னா கப்பல் வெரசா வந்துருமாக்கும்?" என்றார் மனைவி மீனாம்பாள்.

பதில் வந்தபோது வாசலிலேயே கிழித்துப் படித்தார். திருத்திய பிரதி சரளமாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. பழையதில் உயிர் இருக்கிறது, ஆனால் வெளியூர் வாசகருக்கு விளங்காது. இரண்டையும் வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறோம்.

"என்ன எழுதிருக்கான்?"

"வேணாமாம்."

"எது வேணாமாம்? மாத்துனதா, மாத்தாததா?"

"ரெண்டும்."

மீனாம்பாள் கடிதத்தை வாங்கி மடித்தார். "அப்ப மாத்தாதத வேற எவனுக்காச்சும் அனுப்புங்க. கப்பல் செவ்வாக்கிழமைதான கெளம்புது?"

"கப்பல் போகட்டும்," என்றார் ஜம்புலிங்கம். "இந்தத் தடவ மெதுவா படிச்சுப் பார்த்துட்டு அனுப்புறேன்."

செவ்வாயன்று கப்பல் அவருடைய பதில் இல்லாமலே போயிற்று. அந்த மறுப்புக் கடிதமே அந்தப் பதிப்பகத்திடமிருந்து அவருக்கு வந்த கடைசிக் கடிதம். கைக்குக் கிடைத்த தேதி 1958 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை.