உறவினர்: யாரும் இல்லை

ஓமலூர் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில், மறைந்த சிஸ்டர்களின் பழைய கோப்புகளைப் பராமரிப்பது என் வேலை. போன மாசம் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மடத்து மருந்தகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து இறந்த ஒரு சிஸ்டரின் கோப்பைக் கேட்டார்.

"எங்க அக்காங்க."

உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காதவருக்கு இப்போது என்ன அக்கா? குடும்பச் சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று சிஸ்டர் மடத்தில் சேரும்போது எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அந்தக் கோப்பில் இருந்தது. குடும்ப நிலத்தை விற்க அதை உருவ வந்திருக்கிறார் என்றே முடிவுகட்டினேன். கோப்பைக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவர் கையையே கவனித்தேன்.

மூடிய கையைக் கோப்புக்குள் நுழைத்தார். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "என்னத்த எடுக்கறீங்க?"

"எடுக்கலீங்க சாமி, வெக்கறேன்."

கைக்குள் ஒரு சின்ன போட்டோ. தாவணி கட்டிய பெண், தலை நிறையக் கனகாம்பரம், இடுப்பில் குழந்தை.

"கொழந்தை நானுங்க. அக்கா மடத்துக்குப் போனதும் எங்கப்பன் இதைக் கிழிக்கச் சொன்னாரு. அம்மா ஒளிச்சு வெச்சாங்க. எனக்குத்தான் வந்து பாக்கத் தைரியமில்லாமப் போச்சுங்க."

பிறகு முதல் பக்கத்தைக் காட்டினார். 'உறவினர்: யாரும் இல்லை.' சிஸ்டர் இறந்தபோது யாரையும் விசாரிக்காமல் நானே எழுதியது.

"இதை மட்டும் அடிச்சுட முடியுங்களா?"

அடித்துவிட்டு, 'தம்பி' என்று எழுதினேன். கோப்பின் மேல் இருந்த அவர் மணிக்கட்டில் என் விரல் தடம் இன்னும் சிவந்திருந்தது.