ஒரு 'ம்' சொன்னேன்

இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலே எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று திருநீறு போடக் கூட்டிப் போவார்கள், நான் மட்டும் மாத்திரையை முழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் முதுகலை படிக்கிறேன். பேட்டையில் வாடகை வீடு, நானும் தம்பி செல்வமும்தான். அவனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ராத்திரி ஷிப்டு, காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். எங்களை இங்கே குடிவைத்த அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன நம்பித்தாம்ட்டி அவன அனுப்புதேன், பாத்துக்கோ" என்றாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக அதையே சொன்னாள். இன்றைக்கும் போன் போட்டால் தம்பி சாப்பிட்டானா என்பதுதான் முதல் கேள்வி, நான் சாப்பிட்டேனா என்று கேட்கமாட்டாள்.

போன பருவத்தில் எங்கள் சார் ஒரு வேலை கொடுத்தார். டிவி வந்த புதிதில் எடுத்த ஒரு விஞ்ஞானத் தொடர், கறுப்பு வெள்ளை, அதில் ஒரே ஒரு பகுதியை பென் டிரைவில் போட்டுக் கொடுத்து ஆராய்ந்து எழுதச் சொன்னார். விண்கலம் என்று அட்டையில் ஜிகினாத்தாளை ஒட்டி, கல்யாண வீட்டு சீரியல் பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள், பார்த்ததும் வகுப்பே சிரித்தது. ஒருத்தி வேற்றுக் கிரகத்தில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டு ஒரு திரை வழியாகப் பூமியோடு பேசுகிறாள். கையில் காசு இல்லையோ என்னவோ, பூமியில் இருக்கும் ஆளைக் காட்டவே இல்லை, குரல்கூட இல்லை, அவள் காமிராவைப் பார்த்துத்தான் பேசுவாள், அதாவது நம்மை. அந்தக் காட்சியில் அவள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டுவர வேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைப் பேசினாலும் 'ம்' கொட்டுவேன். எதிரே இருப்பவர் சொல்வது பாதி காதில் விழாவிட்டாலும் வாய் தானாக 'ம்' சொல்லிவிடும். செய்தி வாசிக்கிறவளுக்கும் ம் கொட்டுகிறேன் என்று செல்வம் பட்டறையில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

நல்ல வெயில் நேரம் அது. செல்வம் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் எழுந்துவிடக் கூடாதே என்று நான் முன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பேசப் பேச எழுதினேன், வழக்கம்போல ம் கொட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, நான் 'ம்' சொல்கிற இடத்திலெல்லாம் அவள் சரியாக நிறுத்துகிறாள். நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன், நம்புங்கள், அதைக் கட்டுரையில் எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த தடவை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். அவள் பேசவில்லை. வீடியோ நின்றுவிட்டதோ என்று பார்த்தால் பின்னால் பல்புகள் விட்டுவிட்டு எரிகின்றன, அவள் இமை மூடித் திறக்கிறது. மெதுவாக 'ம்' என்றேன், அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அப்போதே மூடி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், எந்தக் கழுதைப் புத்தி என்னை உட்கார வைத்ததோ, உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை மேடைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று எங்கள் பேச்சுக்கு மாறினாள். "இங்கன ஒத்தையில கிடக்க முடியலட்டி. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல" என்றாள்.

"ம்" என்றேன்.

"உள்ள தூங்குதாம்லா உன் தம்பி, அவன அனுப்பி வைக்கியா?"

என் வாய் 'ம்' என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கேள்வி மனசில் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. அவள் சிரித்தாள். "சரிட்டி" என்றாள், காட்சி மாறிவிட்டது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். உள் அறையிலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் செல்வம் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருக்கிறான், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'ம்' என்கிறான்.

"ஏலே, எந்திரிலே" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னக்கா நீ" என்று சலித்துக்கொண்டே எழுந்தான். "யாரோ ஒரு பொம்பள கத சொல்லிக்கிட்டு இருந்தா. பாதியில எழுப்பிட்டியே."

முன் அறைக்குத் திரும்பி வந்து அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினேன். அவள் கடகடவென்று பேசிக்கொண்டே போகிறாள், ஒரு 'ம்' சொல்ல இடமில்லை. தம்பி என்ற பேச்சே அதில் கிடையாது. முடியாது, அனுப்பமாட்டேன், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று திரையைப் பார்த்துக் கத்தினேன், கெஞ்சினேன், அழுதேன். அவள் எனக்காக ஒரு நொடிகூட நிற்கவில்லை. சாரிடம் சொன்னதற்கு, தூங்கி எழுந்து படிம்மா என்றார்.

இப்போது யார் பேசினாலும் நான் ம் கொட்டுவதில்லை, திமிர் பிடித்துவிட்டது என்கிறார்கள், சொல்லட்டும். செல்வம் நன்றாகச் சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பகலில் அவன் தூங்கும்போது விட்டுவிட்டு அந்த 'ம்' மட்டும் வருகிறது. கல்லூரி இல்லாத நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று அவன் 'ம்' சொல்லவில்லை. எதையோ கடைசிவரை கேட்டு முடித்தவன் மாதிரி சிரித்தான். அப்புறம் கண்ணைத் திறக்காமலே, "வாரேன்" என்றான்.