வாப்பாவின் ஆமீன்

லோணாவளாவை அடுத்த தளேகாவில் எங்கள் வீட்டுக்கு முன்தெருவில் இருக்கும் பள்ளிவாசலுக்கு இப்போது பளிங்குத் தரையும் இரண்டு மினாராக்களும் வந்துவிட்டன. நான் சின்னவளாக இருந்தபோது அது வெறும் தகரக் கொட்டகை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, தொழிற்சாலை ஆட்களுக்குக் கைலியும் துண்டும் விற்றுப் பிழைத்த சில குடும்பங்கள் சேர்ந்து போட்டது. எங்கள் வாப்பாவும் அதில் ஒருவர்.

தொழுகையில் இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமீன் சொல்வார்கள். அந்தச் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். வாப்பா கடைசியில் கொஞ்சம் இழுப்பார், அதனால் அவர் குரல் மட்டும் தனியாகத் தெரியும். "வாப்பா வர்ற நேரமாச்சு, கல்லை அடுப்புல வையி" என்பாள் உம்மா.

தொழுகை முறையில் நாங்கள் ஷாஃபிகள். ஆமீனைச் சத்தமாகச் சொல்வது எங்கள் வழக்கம். ஹனஃபிகள் மனதுக்குள் சொல்வார்கள். இரண்டும் சரி என்றுதான் மதரஸாவில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். பிறகு ஃபாக்டரிகள் பெருகின. பீகாரிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஹனஃபிகள். அவர்கள் கைபடாமல் இந்தக் கட்டடம் எழும்பியிருக்காது, அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் ஆட்களோ ஒவ்வொரு குடும்பமாக ஊருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அத்தனை பேர் நிற்கிற பள்ளியில் சத்தமாக ஆமீன் சொல்ல மிஞ்சியது வாப்பா மட்டும்தான்.

போன நோன்புக்குப் பிறகு அந்தக் குரலும் வரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டார்களோ என்று உம்மா முதலில் நினைத்திருக்கிறாள். நான் பாணேரில் தங்கி வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன். அப்படி வந்த ஒரு நாளில் வாப்பாவைத் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கமிட்டிக்குப் புதிதாக வந்த ஒருவர் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாச்சா, ஆமீன் தீரே போலியே, பீச்சே பச்சே ஹஸ்தே ஹைன்" என்றிருக்கிறார். மெதுவாகச் சொல்லுங்கள், பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினேன். அவர் நின்று தொழுத கொட்டகையின் இடத்தில் கட்டிய பள்ளியில் அவருக்கே வாய்ப்பூட்டா? வாப்பா வாசலை மறித்துக்கொண்டார்.

"வெளிய நமக்கு இருக்குற பாடு பத்தாதா? பள்ளிக்குள்ளயும் சண்டைன்னா ஊரே சிரிப்பாச் சிரிக்கும். பேசாம உள்ள போ."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியே இருக்கிற பாடு எனக்கும் தெரியும், வாடகை வீடு தேடும்போது என் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரரின் சாவி தொலைந்துபோவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நியாயம் புரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

இந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை, லோணாவளா பக்கமிருந்து வந்த மழை தெருவை முழங்கால் அளவுக்கு நிரப்பிவிட்டது. வாப்பா பள்ளிக்குப் போக முடியவில்லை. அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை வீட்டிலேயே தொழவைத்தார். அவர் முன்னால், உம்மாவும் நானும் பின்னால். அல்ஹம்து சூராவை நிதானமாக ஓதி முடித்தார். நான் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். மழைச்சத்தம்தான் கேட்டது.

அப்போது என் பக்கத்திலிருந்து உம்மா ஆமீன் சொன்னாள். தெருவில் கீரைக்காரியைக் கூப்பிடக்கூடக் குரலை உயர்த்தாதவள். இரண்டாவது ரக்அத்தில் ஓதி முடித்தபோதும் வாப்பா ஆமீன் சொல்லவில்லை, அவளே சொன்னாள். இந்தமுறை நானும் சேர்ந்து சொன்னேன்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் உம்மா நகர்ந்து அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பள்ளியிலதான் சொல்லாம இருக்கிய, சரி. நம்ம வூட்டுலயும் யாருக்குப் பயப்படுறிய?"

வாப்பா தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்தார்.

"பயம்லாம் இல்ல," என்றார். "மறந்துபோச்சு."