இழவு வீட்டில் ஒரு நட்சத்திரம்

போன வாரம் ஒரு சாயங்காலம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிமிர்ந்தால்... எதிர் வீட்டு வாசலில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் எரிகிறது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம்.

டிசம்பரில், கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வடகரப்பதியில் நட்சத்திரம் தொங்குவது அதிசயமா? இல்லை. பேக்கரியில் தொங்குகிறது, மொபைல் கடையில் தொங்குகிறது, பிள்ளைகள் அடம்பிடித்தால் இந்து வீடுகளிலும் தொங்குகிறது. ஆனால் இது மேரியக்கா வீடு. ஓணம் முடிந்த கையோடு ஒரே மகன் ஜோசப்பை பைக் விபத்தில் பறிகொடுத்த வீடு.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என் சந்தேக குணம் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குப் புதிதில்லை. கூரியர் வந்தால்கூட யார் அனுப்பியிருப்பார்கள், எதற்கு அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்த பிறகே கையெழுத்துப் போடுகிறவள் நான். மேரியக்காவும் லேசுப்பட்டவர் இல்லை – பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலை. எதிர் வீடாயிற்றே என்று எங்கள் பாலுக்கு மட்டும் சலுகை காட்ட மாட்டார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை – எங்கள் பேச்சில் நோம்பி – கிடையாது. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், பொங்கலுக்குப் புதுத் துணி எடுக்க மாட்டார்கள். ஆகவே மேரியக்காவுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இல்லை என்று எங்கள் வீதியே முடிவு செய்துவிட்டது. அவரைக் கேட்டோமா? கேட்கவில்லை. இதையெல்லாம் போய்க் கேட்பார்களா என்ன?

அப்படியிருக்க, நட்சத்திரம் எப்படி வந்தது?

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக் காரில் இரண்டு பேர் வந்து போனது ஞாபகம் வந்தது. ஏதாவது ஜெபக் கூட்டத்து ஆட்களோ? துக்கத்தில் இருக்கிறவரைப் பிடித்து, அழக்கூடாது, சிரிக்கவேண்டும் என்று மனசைக் கலைத்துவிட்டார்களோ? வீட்டுக்காரரை அனுப்பி விசாரித்தேன். வந்தவர்கள் சூரியநெல்லி எஸ்டேட்டில் இருக்கும் மேரியக்காவின் தங்கையும் தங்கை கணவருமாம். ஏணி போட்டு நட்சத்திரத்தைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தானாம்.

"நீ பத்தி எழுத வேண்டியவளே இல்ல. போலீஸ் டேசன்ல இருக்கோணும்" என்றார் வீட்டுக்காரர்.

கட்டியது யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதற்கு? அதற்குள் மகனை மறந்துவிட்டாரா? எழுதவே கூசுகிறது... ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில், பொழுது சாய்ந்த நேரத்தில், கரோல் கோஷ்டி வந்தது. முன்னால் மேளம், நடுவில் பாட்டு, பின்னால் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. முகம் தெரியாத ஆளை எப்படி கேட்டுக்குள் விடுவது? எந்த சர்ச், யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டுவிட்டு, தாத்தாவின் முகமூடியையும் கழற்றச் சொன்னேன். உள்ளே எங்கள் வீட்டு ஃபேனை ரிப்பேர் செய்கிற பாபு, வியர்த்து வழிந்துகொண்டு.

"நாந்தானுங்க்கா" என்றான் பரிதாபமாக.

ஒருவழியாகப் பாடி முடித்து அடுத்த வீட்டுக்குத் திரும்பினார்கள். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் பொன்னுசாமி அண்ணன் வீதியில் குறுக்கே வந்து நின்றார்.

"அந்த ஊட்டுக்குப் போக வேண்டாமுங்க. எழவு ஊடு."

"ஆமாங்க, மேளமெல்லாம் அடிச்சா நல்லா இருக்காது" என்று நானும் ஒத்து ஊதினேன்.

கோஷ்டித் தலைவர் சித்தூர்ப் பக்கத்து மலையாளி. "ஓ... மனசிலாயி" என்று புரிந்துகொண்டு தலையாட்டினார். கிறிஸ்தவர்களிலும் துக்க வருஷத்தில் கொண்டாட்டத்தை விடுகிறவர்கள் உண்டாம். மேளம் நின்றது. பாட்டு நின்றது. மேரியக்கா வீட்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள். மரியாதையாகத்தான்.

கேட் திறந்தது. மேரியக்கா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வராந்தாவில் நாற்காலிகள் போட்டு, டீ டம்ளர்கள் எடுத்து வைத்திருந்தது தெரிந்தது.

"ஏனுங்க, எங்கூட்டுக்கு வர மாட்டீங்களா?"

தலைவர் பொன்னுசாமி அண்ணனைப் பார்த்தார். பொன்னுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

"இல்லீங்க்கா... பையன் போயி இன்னும் வருசம் ஆகலியே. நோம்பி எதும் வேண்டாமேன்னு நாந்தான் சொன்னனுங்க" என்றார் அண்ணன்.

"நோம்பி கும்புடலீங்க. கேக்கு வாங்கல, புதுத் துணி எடுக்கல. ஆனா இவங்க ஏசு பொறந்தாருன்னு ஒரு சேதி கொண்டாறாங்க இல்லீங்களா... அது மொதமொதல்ல ராத்திரி காட்டுல ஆடு காத்துட்டு இருந்தவங்களுக்குத்தானுங்க வந்துச்சு. விருந்து நடக்கற ஊட்டுக்கு வரல. இந்த வீதியில இப்ப இருட்டாக் கெடக்கறது எங்கூடுதானுங்க. என்னைய உட்டுப்போட்டு யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறீங்க?"

பொன்னுசாமி அண்ணன் வழியை விட்டு ஒதுங்கினார். என் வாய் மட்டும் சும்மா இருக்குமா? கிட்டே போய் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா... ஜோசப்பு போனதுக்கு அப்பறமும் அதை நெசமாவே நம்பறீங்களா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"தெரியலீங்க அம்மிணி. தூக்கம் வராமக் கெடக்கறப்ப எல்லாம் சந்தேகமாத்தான் இருக்குது. அதனாலதான் பாடச் சொல்றேன். நம்பிக்கை கெட்டியா இருந்தா கதவைச் சாத்தீட்டு நானே பாடிக்குவனே."

சந்தேகம் வந்தால் நான் கேட்டைச் சாத்துகிறவள். இவர் சந்தேகத்தை வைத்துக்கொண்டே கேட்டைத் திறந்து, நாற்காலி போட்டு, டீயும் வைத்திருக்கிறார். நம்பிக்கை என்பது சந்தேகமே வராத பாக்கியசாலிகளுடைய சொத்து என்று இத்தனை நாள் யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது?

கோஷ்டி உள்ளே போனது. பொன்னுசாமி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார். நானும் போனேன். மாலை போட்ட ஜோசப்பின் போட்டோவுக்குக் கீழே நின்று பாடினார்கள். மேளம் முதலில் தயங்கியது; அப்புறம் நன்றாகவே கேட்டது. மேரியக்கா பாட்டு முடியும்வரை அழுதார். அழாதீங்க என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. கிளம்பலாமா என்பதுபோல் தலைவர் பார்த்தார். மேரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா பாடுங்க சாமி. பாதிதான் நம்ப முடிஞ்சுது."