கொள்ளுக்குப் பக்கத்தில் வைத்த கல்

இன்று காலை கொழிஞ்சாம்பாறையில், எங்கள் தோட்டத்துக்கு முன்னால் ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தேன். போகிற வண்டிகள் மிதித்தே காய் உதிர்ந்துவிடும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

என் கொழுந்தனார் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர். பார்த்துச் சிரித்தார்.

"எங்க வண்டி வந்துட்டா ரோடே தேயாதுங்க அண்ணி. எல்லா வண்டியும் ஒரே கோட்டுல போகும். ஒரு விரக்கடை விலகாது."

"அப்ப அந்தக் கோடு மட்டும் குழியாப் போயிருமே தம்பி."

அவர் நம்பவில்லை. கொள்ளைக் காட்டினேன். அதுவரை போன பொள்ளாச்சி பஸ்ஸும் லாரிகளும் ஒரே தடத்தில்தான் போயிருந்தன. இரண்டு பட்டையில் எல்லாம் பொடி. மீதிச் செடியில் ஒரு காய்கூட வெடிக்கவில்லை.

கொள்ளு ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த கல்லை இரண்டு முழம் ரோட்டுக்குள் தள்ளி வைத்தேன். அடுத்து வந்த லாரி விலகி, மிதிபடாத செடிமேல் ஏறிப் போனது.

"அப்பப்ப கல்ல மாத்தி வெச்சாத்தான் எல்லாப் பக்கமும் மிதிபடும்" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஒரு மணி நேரம் ஆபீசோடு இங்கிலீஷில் பேச்சு. திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்:

"எங்க ஆபீசுல ரோடு பாக்கற எஞ்சினியரும் அதையேதானுங்க சொல்றாரு. வண்டிய அங்கங்க கொஞ்சம் விலக்கி ஓட்டோணுமாமுங்க."

இப்போது வெயிலில் நின்று கல்லை மாற்றி வைப்பது அவர்தான். நான் புளியமர நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு எஞ்சினியர்கள் யாராவது சும்மா இருந்தால் அனுப்பி வையுங்கள். இன்னும் அரை ஏக்கர் கொள்ளு பாக்கி இருக்கிறது.